யார் மேல் முறைப்பாடு

குவைத்திலிருந்து வந்து மூன்றாவது நாள்தான் அப்பாவைப் பார்க்கப் போனேன். மண்சரிவில் ரோடு மூடியிருந்தது என்று இன்றைக்கும் கேட்பவர்களிடம் சொல்கிறேன். ரோடு ஒரு நாள்தான் மூடியிருந்தது. மற்ற நாள் நான் தூங்கினேன்.

அப்பா றொசல்லைப் பக்கத்துத் தோட்டமொன்றில் ஸ்டோரில், தேயிலைத் தொழிற்சாலையில், வேலை செய்தவர். தேயிலை காய வைக்கும் அடுப்புக்கு விறகு போடுவதுதான் கடைசி வரைக்கும் அவருடைய வேலை. அம்மா இறந்து சில வருஷத்தில் அவருக்கு வாதம் அடித்து இடது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு குழறும், புத்தி மட்டும் தெளிவாக இருந்தது. எங்கள் தோட்டத்து லயத்து வீட்டில் கக்கூஸ் வெளியே, பதினோரு படி இறங்கிப் போக வேண்டும். நான் வெளிநாட்டில். அண்ணன் கொழும்பில் லொறி ஓட்டிக்கொண்டு, மனைவி பிள்ளைகளோடு ஒரு அறையில் இருந்தான். அப்பாவை எங்கே வைப்பது என்று போனில் இரண்டு பேரும் ஒரு மாதம் பேசினோம். கடைசியில் டவுனுக்கு வெளியே ஒரு தனியார் முதியோர் இல்லத்தில் அண்ணன் கொண்டுபோய்ச் சேர்த்தான். நானும் சரி என்றுதான் சொன்னேன். அதை மறைக்க முடியாது.

ஞாயிற்றுக்கிழமைகளில் இல்லத்திலிருந்து வீடியோ கோல் வரும். அப்பாவின் முகம் தெரியும். தலை சீவியிருக்கும், நெற்றியில் விபூதி இருக்கும், கம்பளி தாடை வரைக்கும் இழுத்து விட்டிருக்கும். "நல்லா இருக்கீங்களாப்பா?" என்று கேட்பேன். தலையை ஆட்டுவார். போனைக் கொஞ்சம் கீழே இறக்கிக் காட்டுங்கள் என்று ஒருநாளும் நான் கேட்கவில்லை.

இல்லம் பழைய பங்களா. வாசலில் டேலியாப் பூ. இல்லத்தை நடத்தும் அம்மா டவுனில் மதிப்பாக வாழ்பவர், எல்லோரும் மேடம் என்றுதான் கூப்பிடுவார்கள். எனக்குத் தேத்தண்ணி கொடுத்தார். "உங்கப்பா ரொம்ப அமைதியானவருங்க. ஒரு தொந்தரவும் இல்ல" என்றார்.

அப்பா என்னைப் பார்த்ததும் அழுதார். நானும் அழுதேன். பிறகு பழக்கத்தில் கை தானாகக் கால் பக்கத்துக் கம்பளியைத் தூக்கியது. குவைத்தில் ஆறு வருஷமும் என் வேலை அதுதான், வீட்டுக்காரரின் அம்மாவைப் பார்த்துக்கொள்வது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புறம் மாற்றிப் படுக்க வைக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் குதிகாலையும் முதுகுத்தண்டின் அடியையும் பார்க்க வேண்டும்.

அப்பாவின் இடது குதிகால் கறுத்திருந்தது. ஒரு பக்கமாகத் திருப்பினேன். முதுகுக்குக் கீழே ஒரு புண். என் உள்ளங்கை அளவு இருக்கும். அப்படி ஒரு புண் வருவதற்கு எத்தனை நாள் ஒருவரைத் திருப்பாமல் போட்டிருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். தெரியாதவளாக இருந்திருந்தால் அன்றைக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருப்பேனோ என்னவோ.

மேடத்தைக் கூப்பிட்டேன். அவர் வந்து பார்த்து, "ஐயோ, இது எப்ப வந்திச்சு?" என்றார். அந்தக் கேள்வியை அவர் என்னிடம்தான் கேட்டார்.

அன்று பதினெட்டாம் திகதி. ஒரு வேன் பிடித்து அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். டொக்டர் புண்ணைப் பார்த்தார், தோலைக் கிள்ளிப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார். "உடம்புல தண்ணியே இல்ல. வீட்டுல வச்சா பாத்தீங்க?" என்று சிங்களத்தில் கேட்டார். இல்லம் என்றேன். அவர் நேர்ஸிடம் ஏதோ சொல்ல, ஆஸ்பத்திரி பொலிஸ்காரர் ஒருவர் புத்தகத்தோடு வந்து கட்டிலருகே நின்றார்.

எனக்குச் சிங்களத்தை விட அரபு நன்றாக வரும். பொலிஸ்காரர் மோசமானவர் இல்லை, பொறுமையாகத்தான் கேட்டார். யார் செய்தது, யார் மேல் முறைப்பாடு என்றார். யார் மேல குத்தம் சொல்றதுன்னு எனக்குத் தெரியல என்று என் அரைகுறைச் சிங்களத்தில் சொன்னேன். அவர் எழுதினார். நான் கையெழுத்துப் போட்டேன்.

அண்ணன் மறுநாள் காலையில் வந்தான். வார்டில் அப்பாவின் முதுகைப் பார்த்துவிட்டு வெளியே போய்விட்டான். ஆஸ்பத்திரிக் கென்டீனில் தேடிப் பிடித்தேன். அவன் முன்னால் வடை ஆறிக் கிடந்தது.

"மாசா மாசம் போயி பாத்தியா இல்லையா?" என்றேன்.

"போனேன். மேடம் வெளிய ஆபீஸ் ரூமுக்குச் சக்கர வண்டியில ஒக்கார வச்சி கூட்டிட்டு வருவாங்க. அங்கதான் பாப்பேன்." வடையைத் தள்ளிவைத்துவிட்டு, "நீ மட்டும் என்னா, வாரா வாரம் பேசினியே" என்றான்.

எழும்பும்போதுதான் அவன் மெதுவாகச் சொன்னான். "சேக்கும்போது ஒரு ஃபோம்ல கையெழுத்து வாங்கினாங்க. இங்கிலீசுல இருந்திச்சு. என்ன நடந்தாலும் அவங்க பொறுப்பில்லன்னு அதுல இருக்காம். கேஸு கீஸுன்னு போனா நான்தான் மாட்டுவேன்."

இலவசமாகச் சட்ட உதவி செய்யும் அலுவலகம் ஒன்று டவுனில் இருப்பதை வார்டில் இருந்த ஒரு நேர்ஸ்தான் எனக்குச் சொன்னார். நீதிமன்றத்துக்குப் போகும் ரோட்டில், ஒரு புடவைக்கடைக்கு மேலே இருந்தது. அங்கே இருந்த சட்டத்தரணி என்னைவிட இளையவர், எங்கள் பக்கத்துத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் படித்துப் போனவர். நான் மிஸ் என்று கூப்பிட்டேன். அவர் என்னை அக்கா என்றார்.

முதலில் பொலிஸில் கொடுத்த வாக்குமூலத்தின் பிரதியை எடுத்துவரச் சொல்லி வாசித்தார். முகம் மாறியது.

"அக்கா, நீங்க யார் மேலயும் குத்தம் சொல்லலன்னு இதுல இருக்கு. புண்ணு வயசுனால வந்ததாம். நீங்க அப்படியா சொன்னீங்க?"

"யார் மேல சொல்றதுன்னு தெரியலன்னு சொன்னேன் மிஸ்."

"சரி. அது வேற, இது வேற." பேனாவை மூடிவைத்தார். "தமிழ்ல வாக்குமூலம் கொடுக்க உங்களுக்கு உரிமை இருக்கு. திரும்ப கொடுப்போம். அப்பாவும் பேசுறாருதானே? அவரும் கொடுக்கட்டும். அவர்தான் முக்கியம்."

அண்ணனின் கையெழுத்தைப் பற்றிக் கேட்டேன். சிரித்தார். "அப்படி ஒரு தாள வச்சிக்கிட்டு ஒருத்தரப் பட்டினி போட முடியுமா? அண்ணனப் பயப்பட வேண்டாம்னு சொல்லுங்க. அந்த ஃபோம் அவங்ககிட்ட இருந்தா நமக்கும் நல்லது. அப்பாவப் பாத்துக்கிறோம்னு ஏத்துக்கிட்டதுக்கு அதுதானே சாட்சி."

பிறகு எனக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். அவங்கள உள்ள போடணும் என்றேன். அதை அவர் எழுதிக்கொள்ளவில்லை. பொலிஸ் வழக்குக்கு ஆஸ்பத்திரியில் சட்ட வைத்திய அதிகாரி புண்ணைப் பார்த்து அறிக்கை கொடுக்க வேண்டும், அதைக் கேட்டு இன்றைக்கே கடிதம் எழுதுவோம், புண் ஆற ஆற சாட்சியும் போய்விடும் என்றார். பிரதேச செயலகத்தில் முதியோர் விஷயங்களைப் பார்க்கும் உத்தியோகத்தருக்கும் முறைப்பாடு கொடுத்தால் அவர் இல்லத்துக்குள் போய்ப் பரிசோதிக்கலாம். நட்டஈட்டுக்குத் தனி வழக்கு போடலாம், ஆனால் அது வருஷக்கணக்கில் இழுக்கும். "ரெண்டாவது சொன்ன முறைப்பாட்டத் தள்ளிப் போடாதீங்க. அங்க இன்னும் ஆளுங்க இருக்காங்க" என்றார். அதுவரை நான் அந்த மற்றவர்களை நினைக்கவே இல்லை. அப்பாவின் கட்டிலுக்கு இரண்டு பக்கமும் ஆட்கள் படுத்திருந்தார்கள். அவர்கள் முகம்கூட எனக்கு ஞாபகம் வரவில்லை.

தமிழ் தெரிந்த பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவர் நாலாம் நாள் வார்டுக்கு வந்தார். மிஸ்ஸும் கூட வந்து நின்றார். அப்பாவுக்குச் சேலைன் ஏறி முகத்தில் கொஞ்சம் உயிர் வந்திருந்தது.

"என்ன நடந்திச்சுன்னு சொல்லுங்க ஐயா."

அப்பா சொல்லைச் சேர்க்க வாயை அசைத்துப் பார்த்தார். "தண்ணி கேட்டேன்" என்றார்.

"எத்தன தடவ கேட்டீங்க?"

"கேக்குறத விட்டுட்டேன்."

உத்தியோகத்தர் எழுதியதைத் திரும்ப வாசித்துக் காட்டினார். அப்பா சரி என்று வலது கைப் பெருவிரலை நீட்டினார். அவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். அன்றைக்கு முடியவில்லை.

மூன்று வாரம் கழித்துப் பிரதேச செயலகத்தில் விசாரணை நடந்தது. உத்தியோகத்தர் இல்லத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு, அங்கிருந்த அப்பாவின் பராமரிப்புப் பதிவுப் புத்தகத்தையும் கையோடு எடுத்து வந்திருந்தார். மேடம் ஒரு சட்டத்தரணியோடு வந்தார். நல்ல சேலை, குரலை உயர்த்தாத பேச்சு. புத்தகத்தில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. காலையில் கஞ்சி குடித்தார், பத்து மணிக்கு இடப்புறம் படுக்க வைக்கப்பட்டது, பன்னிரண்டு மணிக்கு வலப்புறம் என்று, நாள் தவறாமல்.

மிஸ் புத்தகத்தை என் பக்கம் தள்ளினார். "அக்கா, இந்த வேல செஞ்சவங்க நீங்க. பாருங்க."

நான் எழுத்தைத்தான் முதலில் பார்த்தேன். உண்மையாகவே ஆளைத் திருப்பிவிட்டு எழுதுகிறவள் ஒரு நாள் நீலப் பேனாவில் எழுதுவாள், ஒரு நாள் கறுப்பில். ஒரு இடத்தில் ஈரம் பட்டிருக்கும், ஒரு இடத்தில் அவசரத்தில் கோணியிருக்கும். இதில் வாரத்துக்கு வாரம் ஒரே பேனா, ஒரே சாய்வு. பக்கத்தைப் புரட்டிக்கொண்டு போனேன். பதினெட்டு வந்தது. நான் அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன நாள். அதற்குக் கீழே பத்தொன்பது, இருபது, இருபத்தொன்று. மூன்று நாளும் அப்பா கஞ்சி குடித்திருந்தார். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புறம் மாறிப் படுத்திருந்தார். இருபத்தொன்றாம் திகதி ராத்திரி இரண்டு ரொட்டி சாப்பிட்டிருந்தார்.

"மிஸ்" என்றேன். விரலை வைத்துக் காட்டினேன்.

மேடம் புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். அவர் அதை அதற்கு முன் வாசித்ததே இல்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. "இது எங்க பராமரிப்புக்கு இருந்த பொம்பள எழுதினது" என்றார். "அவள நாங்க அப்பவே நிப்பாட்டிட்டோம். அவளாலதான் இவ்வளவும். நாங்களும் ஏமாந்துதான் போனோம்."

மேடம் தரப்பில் பொலிஸிலும் அதையே சொல்லியிருந்தார்கள். பராமரிப்பவள் மேல் முறைப்பாடு என்று எழுதினால் சீக்கிரம் முடியும் என்றார் அங்கே ஒருவர். எனக்கும் அது பிடித்திருந்தது. கோபப்பட ஒரு ஆள் கிடைத்தால் போதும் என்றிருந்தது. அந்தப் பெண்ணின் ஊரை இல்லத்துச் சமையல்காரியிடம் விசாரித்தேன். பூண்டுலோயாவுக்கு மேலே ஒரு தோட்டம். போய்ப் பார்க்கட்டுமா என்று மிஸ்ஸிடம் கேட்டேன்.

"நான் கூட வரக்கூடாது. நீங்க போகலாம். ஆனா மிரட்டக் கூடாது, எதுவும் கொடுக்கிறேன்னும் சொல்லக் கூடாது. பேசிட்டு வாங்க, அவ்வளவுதான்."

பஸ்ஸில் போகும்போது சொல்ல வேண்டியதை எல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். தண்ணீர் விழும் பீலியடியில் அந்தப் பெண் துணி கும்மிக்கொண்டிருந்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். நான் யாருடைய மகள் என்று சொன்னதும் துணியைப் போட்டுவிட்டு எழுந்து நின்றாள். ஓடவில்லை. "உள்ள வாங்க" என்றாள்.

லயத்து அறையில் ஒரு கதிரை இருந்தது. எனக்கு அதைக் கொடுத்துவிட்டு அவள் பலகையில் உட்கார்ந்தாள். நான் பஸ்ஸில் சொல்லிப் பார்த்தது எதுவும் வாயில் வரவில்லை. "பொய்யி எழுதினீங்க" என்று மட்டும் சொன்னேன்.

"எழுதினேன். சனிக்கெழம ஒக்காந்து வரப்போற வாரம் முழுசுக்கும் எழுதி வச்சிருவேன். மேடம்தான் புஸ்தகம் நெறஞ்சிருக்கணும்னு சொன்னாங்க. பதினெட்டு பேருங்க. பகலுக்கு நான் ஒருத்தி. ராவுக்கு ஒரு கெழவி, அதுக்கே கண்ணு தெரியாது. உங்கப்பாவத் திருப்ப ரெண்டாளு வேணும். எனக்கு இடுப்பு புடிச்சிக்கிச்சு. ஆள் போடுங்கன்னு கேட்டேன், புண்ணுக்கு மருந்து கேட்டேன். இருக்கிறத வச்சி பாருன்னாங்க."

"தண்ணி கொடுக்கவுமா ரெண்டாளு வேணும்?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "தண்ணி கொடுத்தா நனைச்சிருவாங்க. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ரெண்டு பேம்பர்ஸ்தான் குடுப்பாங்க. மூணாவது கேட்டா ஏச்சு. நனைஞ்சி கெடந்தா புண்ணு இன்னும் மோசமாவும். அதனால..."

அந்தக் கணக்கு எனக்குப் புதிதில்லை. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. குவைத்தில் இரண்டாம் வருஷம் எனக்குக் காய்ச்சல் வந்தது. லீவு கிடையாது. நான் பார்த்துக்கொண்ட கிழவியைத் தூக்கித் துடைக்க உடம்பில் தெம்பில்லை. அன்று மத்தியானத்துக்குப் பிறகு அவள் தண்ணீர் கேட்டபோது காது கேட்காத மாதிரி இருந்தேன். ஒரு நாள்தான். அன்று சாயந்திரம் அவள் மகள் வெளியூரிலிருந்து வீடியோவில் கூப்பிட்டாள். நான் கிழவியின் தலையைச் சீவி, கம்பளியை இழுத்துவிட்டு, போனை முகத்துக்கு நேரே பிடித்தேன்.

இதை அந்தப் பெண்ணிடமும் சொல்லவில்லை. சொன்னால் அவள் செய்ததைச் சரி என்று ஆக்கிவிடுவேனோ என்று பயம். அவள் செய்தது சரியில்லை. என் அப்பாவின் முதுகில் அது இருக்கிறது. ஆனால் அவள் ஒருத்தி மட்டும் செய்ததில்லை என்பதும் அந்த அறையில் எனக்குத் தெரிந்துவிட்டது.

"இத பொலிஸ்ல சொல்லுவீங்களா? மேடத்துக்கிட்ட ஆள் கேட்டது, மருந்து கேட்டது, பொய் எழுதினது எல்லாத்தையும்?"

"என்னைய உள்ள போட்ருவாங்களா?"

"எனக்குத் தெரியாது" என்றேன். வாக்கு எதுவும் கொடுக்கக்கூடாது என்று மிஸ் சொல்லியிருந்தார். "நீங்களும் ஒரு சட்டத்தரணியப் பாத்துட்டு சொல்லுங்க."

அவள் ஒரு வாரம் யோசித்துவிட்டு வந்தாள். மிஸ் எங்களுக்காக நின்றதால் சட்ட உதவி அலுவலகத்தில் அவளுக்கு வேறொரு சட்டத்தரணியைக் காட்டினார்கள். அவரோடு போய் வாக்குமூலம் கொடுத்தாள். மேடத்துக்கு அனுப்பிய குறுஞ்செய்திகள் அவள் போனில் இருந்தன. தமிழை இங்கிலீஷ் எழுத்தில் எழுதி, புண் பெரிசாகிறது, மருந்து வாங்கித் தாங்க என்று மூன்று. ஒன்றுக்கும் பதில் இல்லை.

நான் என் முறைப்பாட்டை மாற்றி எழுதிக் கொடுத்தேன். இல்லத்தை நடத்துபவர் மேல் முறைப்பாடு என்று தமிழில், என் கையாலேயே. அந்த ஒரு வரியை எழுத எனக்கு இரண்டு மாதம் பிடித்திருந்தது.

வழக்கு நீதவான் நீதிமன்றத்தில் எட்டுத் தவணை போனது. ஆறு தவணையில் திகதி மட்டும் கொடுத்தார்கள். விடியற்காலை பஸ் பிடித்துப் போய், மத்தியானம் வெறுங்கையோடு திரும்புவோம். வெளியே மழையில் நின்றுகொண்டு, இதெல்லாம் எதுக்கு என்று ஒரு நாள் மிஸ்ஸிடம் கேட்டுவிட்டேன். அவர் குடையை என் பக்கம் சாய்த்து, "இதுதான் அக்கா நீளமான பகுதி" என்றார். ஏழாவது தவணையில் அந்தப் பெண் சாட்சி சொன்னாள். தான் பொய் எழுதியதை யாரும் கேட்பதற்கு முன்னாலேயே அவளாகச் சொன்னாள். எட்டாவதில் மேடம் குற்றத்தை ஒப்புக்கொண்டார். சிறைத் தண்டனையை ஒத்திவைத்து, அப்பாவுக்கு நட்டஈடு கொடுக்கும்படி உத்தரவு வந்தது. நான் நினைத்த மாதிரி அவரை யாரும் உள்ளே கொண்டுபோகவில்லை. தன்னுடைய வேனிலேயே ஏறிப் போனார். எனக்குச் சந்தோஷமும் வரவில்லை, பெரிதாக ஏமாற்றமும் வரவில்லை. பசித்தது.

அதற்கு முன்பே பிரதேச செயலகம் அந்த இல்லத்தில் புதிதாக ஆட்களைச் சேர்ப்பதை நிறுத்தியிருந்தது. போதுமான ஆட்களை வேலைக்கு எடுத்தால்தான் நடத்தலாம் என்று எழுத்தில் கொடுத்தார்கள். அங்கே இருந்தவர்களின் குடும்பங்களுக்கு அறிவித்ததில் ஐந்து பேர் வந்து தங்கள் ஆட்களைக் கூட்டிப் போனார்கள். மற்றவர்களுக்கு வந்து கூட்டிப் போக ஆள் இல்லை. உத்தியோகத்தர் மாதத்துக்கு ஒரு தடவை, சொல்லாமல் கொள்ளாமல் போய்ப் பார்க்கிறார். இரண்டு தடவை நானும் போனேன். ஒவ்வொரு கட்டிலிலும் தண்ணீர்ப் போத்தல் இருந்தது. நான் கம்பளிகளைத் தூக்கிப் பார்த்தேன். யாரும் தடுக்கவில்லை.

அந்தப் பெண் இப்போது கொழுந்தெடுக்கப் போகிறாளாம். இடுப்பு வலியோடு எப்படி மலை ஏறுகிறாளோ தெரியவில்லை. போன மாதம் போன் பண்ணி, குவைத்துக்குப் போக என்ன செய்ய வேண்டும் என்று கேட்டாள். அங்கே இருப்பதை இருக்கிறபடி சொன்னேன். லீவு இல்லாததையும் சொன்னேன்.

அப்பாவின் புண் ஆற எட்டு மாதமானது. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில், படி இல்லாத ஒரு அறையை வாடகைக்கு எடுத்திருக்கிறோம். நான் திரும்பப் போகவில்லை. பகலில் அக்கம்பக்கத்தில் இரண்டு வீட்டில் படுக்கையில் இருப்பவர்களைப் பார்த்துக்கொள்கிறேன், இடையிடையே ஓடிவந்து அப்பாவைத் திருப்பிவிட்டுப் போவேன்.

தீர்ப்பு வந்த அன்று, நானும் அண்ணனும் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு கடையில் சாப்பிட்டோம். கென்டீனில் பேசியதற்குப் பிறகு நாங்கள் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே, "திருப்பிப் படுக்க வைக்கிறது எப்படின்னு எனக்கும் காட்டு" என்றான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தான். பெரிய லொறியை மலை வளைவில் திருப்புகிறவன், அப்பாவின் தோளைத் தொடப் பயந்தான். முழங்காலை முதலில் மடக்கு, ஒரு கை இடுப்புல, ஒரு கை தோள்ல, இழுக்காத, உருட்டு என்று சொல்லிக் கொடுத்தேன். மூன்றாவது தடவை அப்பா தானாகவே வலது கையால் கட்டில் கம்பியைப் பிடித்து அவனுக்கு ஒத்தாசை செய்தார். புரண்டதும் ஒரு பெருமூச்சு விட்டார்.

"கை ஐஸ் மாதிரி இருக்குடா" என்றார்.

அண்ணன் கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு, தலையணையை அவர் முதுகுக்குப் பின்னால் வைத்தான்.